கல்வீடு என்று நான் சொன்ன வீடு

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது அப்பாவுக்குத் தெரியும். அம்மா உன்னோடு போனில் கதைத்து முடித்ததும், நான் கேட்காமலே, குசினியில் நின்றபடி எல்லாவற்றையும் பானை சட்டிக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லிவிடுகிறாள். மருமகள் ரீனாவுக்குத் தடிமன் வந்து மாறியது, ட்வெய்ட்டாவில் உங்கள் மாடிக்கு லிஃப்ட் ஓடாமல் கிடந்தது, நீ தலைமயிரைக் கட்டையாக வெட்டியது எல்லாம் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தன. ஆகவே சுகம் விசாரிக்கிற வேலையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டோடு சேர்த்துக் கட்டிய புதுப் பகுதி முடிந்துவிட்டது. நீயும் ரீனாவும் வந்து இருப்பீர்களா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைக் கேட்டாலும் பொலிஸ் விசாரணை மாதிரிப் போய்விடுகிறது என்று அம்மா சொல்கிறாள். எழுத்தில் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

இதன் ஒரு பிரதியை மாதா கோயில் ஆண்டுமலருக்கும் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து, பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் யாரைக் கண்டாலும் நான் சொன்னது ஒன்றுதான்: "எங்கடை வீடு கல்வீடு." மன்னார் ஆட்களுக்குச் சொன்னேன், தீவு ஆட்களுக்குச் சொன்னேன், ரொம்மனில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இரண்டு தரம் சொன்னேன். ஊர் முழுக்கச் சொன்னதை வீட்டுக்குள் மட்டும் திருத்தினால் சரிவராது. திருத்தமும் அதே ஆட்களுக்குப் போகட்டும்.

ஒருத்தரையும் நம்பாத ஆள் நான் என்று நீ என் முகத்துக்கு நேரே சொன்னாய். அதை நான் மறுக்கவில்லை. இதை உனக்கு யார் சொல்லித்தந்திருப்பார்கள் என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் தராசு, பஸ் தரிப்பிடத்தில் நேர அட்டவணை, தொலைக்காட்சியில் நாளைக்கு வெயில் என்று சிரித்துக்கொண்டு சொல்கிற பெண், ஒன்றையும் நான் லேசில் நம்பினதில்லை. கனடா என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டான். இறங்கிப் பார்த்தால் நோர்வே. அப்படி வந்து இறங்கியவனுக்கு யார் என்ன சொன்னாலும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். பிறகு வடக்கே மீன் தொழிற்சாலை. அங்கே எங்களை விட்டிருந்த மரவீட்டைப் பற்றி உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். கடற்காற்று ஒரு பக்கச் சுவரால் வந்து மற்றப் பக்கச் சுவரால் போகும். கட்டிலுக்குக் கீழே வைத்த போத்தல் தண்ணீர் விடியும்போது உறைந்துபோய் இருக்கும். ஈரக் கையுறையைக் கழற்றிக்கொண்டு அந்தப் பலகைச் சுவரைப் பார்த்தபோதுதான் முடிவெடுத்தேன்: இந்த நாட்டில் எனக்கென்று ஒரு வீடு வந்தால் அது கல்லால் கட்டியதாக இருக்கவேண்டும்.

ஒஸ்லோவுக்கு வந்து, தபால் பிரிக்கிற இடத்தில் வேலை நிரந்தரமான பிறகு வீடு பார்க்கத் தொடங்கினோம். பார்த்ததெல்லாம் மரம். வெள்ளை மரம், மஞ்சள் மரம், சிவப்பு மரம். கடைசியில் ஹவுகெட்டோவில் இந்தச் சிவப்புச் செங்கல் வீடு. எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போனால் செய்கிறதை நானும் செய்தேன். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். வெளியே நாலு பக்கமும் தட்டினேன். கல் மாதிரிக் கேட்டது, விரலும் நொந்தது. வீட்டைக் காட்ட வந்த மனுசன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. எதையோ மறைக்கிறான் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளே பலகையும் கடதாசியும் அடித்திருந்தது. அது குளிருக்காக அடித்தது, அதற்குப் பின்னால் செங்கல்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மற்றவன் சொன்னால் பத்துக் கேள்வி கேட்கிற ஆள், நானே சொன்னதால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த முதல் இலையுதிர்காலத்தில்தான் ஓட்டைகளைக் கண்டேன். சுவரின் அடிவரிசையில், இரண்டு செங்கலுக்கு நடுவில் சாந்து இல்லாமல் ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இப்படியே வீட்டைச் சுற்றி. மேசன் சாந்தில் களவு செய்திருக்கிறான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதுவும் அளவெடுத்தமாதிரி ஒரே தூரத்தில் செய்திருக்கிறான்; களவிலும் ஒழுங்கு பார்க்கிற நாடு என்று அம்மாவிடம் சொன்னேன். எலி போகும், பாம்பு போகும், குளிர் போகும். அம்மா மா குழைக்கிற பாத்திரத்தில் சீமெந்தைக் குழைத்துக்கொண்டு, முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக அடைத்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிச் செடிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு முழுக்க விளங்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தால் வந்த உடுப்போடு நின்றாய். "அப்பா, உதை மூடக்கூடாதாம். உது திறந்து இருக்கவேணுமாம்" என்று சொன்னாய். அவருக்கு எரிச்சல், எங்கள் வீடு குளிரட்டும் என்று நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. "அவருக்குத் தன்ரை வீட்டைப் பாக்கச் சொல்லு" என்று உன்னிடம் சொன்னேன். அதை நீ மொழிபெயர்க்கவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய். அந்த அளவுக்குச் சின்ன வயதிலேயே உனக்கு மரியாதை தெரிந்திருந்தது.

பிறகு உன் அறை மணக்கத் தொடங்கியது. யன்னல் மூலையில், கடதாசிக்குப் பின்னால், ஈரச் சாக்கு மணம். நான் முதலில் உன் உதைபந்துச் சப்பாத்தைச் சந்தேகப்பட்டேன். சப்பாத்தை வெளியே வைத்தாய், மணம் போகவில்லை. அடுத்ததாக, ஈரத் துவாயைக் கட்டிலில் போடுகிறாய் என்று ஏசினேன். அதற்குப் பிறகு, யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கிறாய் என்று அதற்கு ஒரு கொழுக்கி போட்டேன். "அப்பா, சுவர்தான் ஈரம். தொட்டுப் பாருங்கோ" என்று நீ சொன்னாய். தம்பி, நான் தொட்டுப் பார்க்கவில்லை. கல்வீட்டுச் சுவர் எப்படி ஈரமாகும் என்று உன்னிடம் திருப்பிக் கேட்டேன். அதோடு நீ சொல்வதை நிறுத்திவிட்டாய். அலுமாரியை அந்த மூலைக்குத் தள்ளி வைத்துவிட்டு, மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டாய்.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருடக் கதை ரீனாவோடு தொடங்குகிறது. நீ திருச்சிப் பிள்ளை ஒன்றை விரும்புகிறேன், கம்பியூட்டர் வேலைக்கு ஒஸ்லோவுக்கு வந்தவள், வேதக்காரப் பிள்ளைதான் என்று சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் சம்மதம் என்று அர்த்தமில்லை, யோசிக்கிறேன் என்று அர்த்தம். அது உனக்கும் தெரியும். அந்தப் பிள்ளை எல்லாரையும் 'வாங்க போங்க' என்று கதைக்கிறாள். தபால்காரனுக்கும் அதே மரியாதை, எனக்கும் அதே மரியாதை. அப்படியென்றால் எனக்கு எவ்வளவு மரியாதை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வைத்த மீன்குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அதையும் குறித்து வைத்துக்கொண்டேன். கலியாணத்துக்குப் பிறகு எங்களோடு இருக்க அவள் சம்மதித்தபோது, ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாள் என்று இரண்டு மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டின் பின்பக்கம் உங்களுக்கென்று ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் குசினி, குளியலறை என்று கட்ட முடிவாகி, நகரசபையில் அனுமதியும் கிடைத்தது. நீ பிடித்துக்கொண்டு வந்த கட்டடக்காரர் என்னை மேசையில் இருத்தி இரண்டு விதமான சுவரைக் கீறிக் காட்டினார். ஒன்று இரட்டைச் செங்கல்: உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் குளிர் மறைக்கிற பஞ்சு. மற்றது, மரச்சட்டம்தான் கூரையைத் தாங்கும். சட்டத்துக்குள் தடித்த பஞ்சு. வெளியே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரே ஒரு வரிசைச் செங்கல், மழைக்கு. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தான் இரண்டாவதைத்தான் சொல்வேன் என்றார். நிலம் களி, பாரம் கூடினால் அத்திவாரமும் பெரிதாக வேண்டும், சுவர் தடித்தால் அறை சிறுக்கும், சூடும் மரச்சட்டத்தில்தான் நன்றாக நிற்கும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் பிடித்துவிட்டது. இரட்டைச் சுவரில் அவருக்குத்தான் கூட வேலை, கூட வருமானம். கூட வருமானத்தை வேண்டாம் என்கிற மனுசன் எதையோ மறைக்கிறான். தேத்தண்ணி வேண்டாம் என்றும் சொன்னார். அது இன்னும் மோசம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்ததையும், கட்டடக்காரர் கீறிய படத்தின் மேல் சாம்பார்ச் சொட்டு விழுந்ததையும் நீ மறந்திருக்கமாட்டாய். இருந்தாலும் அன்றைக்கு என் பக்கத்தில் என்ன ஓடியது என்று நீ அறியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

"அப்பா, ரெண்டு வரிசை வைச்சால் அறை சின்னனாப் போயிடும்" என்றாய் நீ. "கட்டிலைப் போட்டால் சுத்திவர நடக்க ஏலாது. தில்பிக் எண்டு பின்பக்கம் கூட்டிக் கட்டுறதே இடத்துக்குத்தானே?"

"இடம் குறைஞ்சாலும் சுவர் நிக்கும்" என்றேன். "மற்றது செங்கல் சட்டை போட்ட பலகை. எனக்குப் பலகையைப் பற்றிச் சொல்லித்தராதை."

ரீனா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அங்கிள், அதுவே போதும்னு அவரே சொல்றாரே. நாங்க ரெண்டு பேருதானே இருக்கப் போறோம்?"

"எவ்வளவு காலத்துக்கு?" என்று நான் கேட்டேன். நானே தொடர்ந்தேன்: "விட்டிட்டுப் போறவைக்குத்தான் மெல்லிய சுவர் காணும். அதோடை, ரெண்டு பகுதிக்கும் நடுவிலை வாற இடைக்கதவுக்கு எங்கடை பக்கம் ஒரு பூட்டுப் போடவேணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "எதுக்கு அங்கிள்? எங்கள உள்ள வச்சுப் பூட்டவா, வெளிய வச்சுப் பூட்டவா?"

அன்றைக்கு அவளுக்கு வாய் நீளம் என்று மட்டும் நினைத்தேன். முகத்திலும் காட்டியிருப்பேன். அவளுடைய கண் கலங்கியதை அம்மா கண்டிருக்கிறாள், நான் காணவில்லை. நீ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாய். "உங்களுக்குச் சுவர் இல்லையப்பா பிரச்சினை. நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள். நாங்கள் ட்வெய்ட்டாவிலை மாடியிலை ஒரு லைலிஹெத் வீடு வாடகைக்குப் பாக்கிறம்." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீ மெதுவாகச் சொன்னாய், அவளுடைய ஜக்கெற்றை எடுத்துக் கொடுத்தாய், இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனீர்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ போன பிறகு எனக்குப் பிடிவாதம் கூடிவிட்டது. கட்டடக்காரரைக் கூப்பிட்டு இரட்டைச் செங்கல்தான் என்று சொன்னேன். ஆட்கள் இல்லாத வீட்டுக்கா என்று அம்மா கேட்டாள், வருவார்கள் என்றேன். கட்டடக்காரர் தலையை ஆட்டிவிட்டு, அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் பழைய சுவரோடு புதியது எப்படிச் சேரும் என்று பார்க்கவேண்டும் என்றார். உன் அறைக்கு வெளியே, அடிவரிசையில் சில செங்கற்களைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்றேன், செங்கலைக் களவாடிவிடுவார் என்று அல்ல, சும்மா ஒரு கண் வைத்திருக்க. முதற் செங்கலுக்குப் பின்னால் இரண்டாவது செங்கல் இருக்கவில்லை. ஒரு வெற்றிடம். அதற்கு அங்காலே கறுத்த மரம். அவர் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை மரத்தில் வைத்து லேசாக அழுத்தினார். அது கேக்குக்குள் போவதுபோலப் போனது. அவர் குனிந்து அடிவரிசையைத் தடவிப் பார்த்து, இந்த ஓட்டைகளை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்றார். செங்கலுக்குள் மழைத் தண்ணீர் எப்படியும் கொஞ்சம் ஊறி உள்ளே வருமாம். அது கீழே வழிந்து வெளியே போகவும், உள்ளே காற்றுப் போய் மரம் காயவும்தான் அந்த ஓட்டைகளாம். யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்று நானும் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்குத் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் போன பிறகு குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாரும், இது கல்வீடு இல்லை" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"வந்த கிழமையே. மாதா படம் கொழுவ ஆணி அடிச்சனான். ஒரு அடியோடை உள்ளை போட்டுது. கல்லிலை அப்படிப் போகுமே?"

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னால், மரவீட்டுக்குள்ளை நீங்கள் நிம்மதியா ஒரு நாள் படுத்திருப்பியளே?" என்றாள். பிறகு, "ஆனால் அந்த ஓட்டை ஏன் எண்டு எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் என்ரை மாப்பாத்திரத்தைத் தந்திருக்கமாட்டன்" என்றும் சொன்னாள்.

அன்று பின்னேரம் உன் அறைக்குப் போனேன். அலுமாரியை இழுத்துவிட்டு அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தேன். கை ஈரமானது. வெட்கமாக இருந்தது, தம்பி. வீட்டைப் பற்றி ஊருக்குச் சொன்னதற்கு வந்த வெட்கம் பெரிதில்லை. நீ தொட்டுப் பாருங்கோ என்று சொன்ன நாளிலிருந்து அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்தது, நான் அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனேன். எல்லாரிலும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்படவேண்டிய ஒரே ஒரு சுவரை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னது சரி. சப்பாத்துக்கும் துவாய்க்கும் யன்னல் கொழுக்கிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்த விஷயத்தை அம்மா உனக்குப் போனில் சொல்லவில்லை. நான்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டாள். இவ்வளவு நாள் அவள் வாயை அடக்கியது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

உங்கள் கலியாணத்துக்கு முன்பே இதை உனக்குச் சொல்லியிருக்கலாம். கலியாணத்தன்று கோயில் வாசலில் நீ என் பக்கத்தில் நின்றபோது வாய்வரைக்கும் வந்தது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன், அதோடு போய்விட்டது. ரீனாவின் அப்பா என் கையைப் பிடித்து, "பொண்ணப் பாத்துக்கங்க சார்" என்றார். நான் ஓம் என்றேன். எங்கள் ஓம் அவருக்கு ஆமாம் என்று விளங்குமா என்று சந்தேகமாக இருந்ததால் தலையையும் ஆட்டினேன்.

இப்போது இரட்டைச் சுவரைப் பற்றி. ஏன் அதில் அப்படி நின்றேன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். குளிர் என்றேன், உறுதி என்றேன், எல்லாம் சாட்டு. சுவர் பாரமாக இருந்தால் நீ விட்டுவிட்டுப் போகமாட்டாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பலகை வீடு என்றால் ஒரு நாள் கழற்றிக்கொண்டு போகிற சாமான் மாதிரி எனக்குத் தோன்றும். ரீனா உன்னைத் திருச்சிக்கோ அமெரிக்காவுக்கோ இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்ற பயத்துக்கு நான் செங்கலால் மருந்து தேடினேன். இதிலே பகிடி என்னவென்றால், ஊரில் சண்டை நின்ற சமாதானக் காலத்தில் நான் பிறந்த தீவுக்குப் போய் வந்தேனே, அப்போது எங்கள் பழைய வீட்டைப் பார்த்தேன். அதன் சுவர் முழங்கை நீளத் தடிப்பு. கூரை இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை. சுவர் மட்டும் ஒரு வெடிப்பும் இல்லாமல் நின்றது. அதற்குள் பிறந்த நாங்கள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் இங்கேயும் இருக்கிறோம். தட்டிப் பார்த்தேன், நல்ல கல். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். திரும்பி வந்து, தீவில் எங்கள் சுவர் இன்னும் நிற்கிறது என்று கோப்பி குடிக்கிற இடத்தில் பெருமைதான் அடித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டதாகச் சொன்னால் நீ குழம்பவேண்டாம். கலியாணம் முடிந்த அடுத்த மாதம் ட்வெய்ட்டாவுக்கு வந்தேன். அம்மாவுக்குக் கடைக்குப் போவதாகச் சொன்னேன். உங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்று பெயர்களைப் பார்த்தேன். மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் உன் பெயரும் அவள் பெயரும் ஒரே வரியில் இருந்தன. அழுத்தவில்லை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். அது உண்மையான கொங்கிறீற். உங்களுக்கு அங்கே ஒரு குறையும் இருக்காது என்று பட்டது. அதுதான் எனக்குக் கூடக் கவலையாக இருந்தது. திரும்பி வந்து, கடையில் விலை கூட என்று அம்மாவுக்குப் பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

புதுப் பகுதி மரச்சட்டத்தில்தான் கட்டியிருக்கிறது. பஞ்சு வைத்தபோது நான் பக்கத்தில் நின்று எல்லா மூலைக்கும் போகிறதா என்று பார்த்தேன். அதை மட்டும் விடமுடியாது, சந்தேகம் ஒரே நாளில் மருந்துக்குப் போகிற வருத்தம் இல்லை. வெளியே ஒரு வரிசைச் செங்கல். அடிவரிசை வைத்தபோது, ஓட்டை விட மறந்துவிடவேண்டாம் என்று நான் மேசனுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தினேன். அவர் இதைத் தொழிலாகச் செய்கிறவர், தன்பாட்டில் அடுத்த செங்கலை எடுத்து வைத்தார். அறை பெரிது. கட்டிலைச் சுற்றி இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கலாம். நானும் அம்மாவும் நடந்து பார்த்தோம். உன் பழைய அறையில் உக்கின மரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தாயிற்று. பழைய சுவரில் நான் அடைத்த சீமெந்தை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, திரும்பவும் முழங்காலில் இருந்து, நானே ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். அடைத்ததைவிடக் கிளப்புவது கஷ்டம். அந்தக் காலத்தில் நல்ல கலவை போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவர் இப்போது ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். வேலிக்கு மேலால் பார்த்தார். நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்த நோர்ஸ்க் மொழியில் சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் நான் அவருக்கு வேண்டாவெறுப்பாகக் கை காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அறிவுரை சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன், கை விடமாட்டேன் என்கிறது. ஒன்றே ஒன்று. ரீனா ஒரு நாள் வந்து சுவர் ஈரம் என்று சொன்னால், முதலில் எழும்பிப் போய்த் தொட்டுப் பார். உனக்கு வேண்டிய விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு சொல்லலாம். உன் பிள்ளை சொன்னாலும் அப்படியே. ரீனாவிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்பேன் என்று சொல். கேட்கும்போது நான் கொஞ்சம் முகத்தை இறுக்கிக்கொண்டு இருப்பேன், அது கோபம் இல்லை என்றும் சொல். அவள் மீன்குழம்புக்குத் தண்ணீர் குடித்தது உறைப்புக்காகத்தான் என்று அம்மா சொன்னாள். இப்போது பாதித் தூள்தான் போடுகிறேன், சப்பென்று இருக்கிறது, பழகிக்கொள்கிறேன்.

அவள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தெரியாததால் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். இடைக்கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, உங்கள் பக்கம். எங்கள் பக்கம் ஒரு கைப்பிடி மட்டும்தான். கட்டடக்காரர் அதை உள்ளுக்குப் பூட்டிவிட்டு, தோட்டத்துப் பக்க வாசலால் வெளியே வந்து, அந்த வாசலையும் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். அந்தச் சாவி இந்தக் கடிதத்தோடு உறைக்குள் இருக்கிறது. அதைப் போல இன்னொன்று வெட்டி வைத்திருப்பேன் என்று நீ சந்தேகப்படுவாய், என் பிள்ளை அல்லவா. வெட்டவில்லை. அம்மா தினமும் அந்தக் கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு வருகிறாள். நீங்கள் வந்து அங்காலே நின்று திறக்கும்வரை எங்களால் அந்தக் கதவைத் திறக்க ஏலாது.

அப்பா